வரி சேர்த்த முதல் பில்

'அனுப்பு' என்ற பொத்தானின் மேல் அம்புக்குறி வந்து நின்றது.

அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

பில்லில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவள் பெயர். அவளுடைய ஜிஎஸ்டி எண். திருமலைச்சாமி அண்ணனின் பம்ப் பட்டறை, கணபதி, கோயம்புத்தூர். பம்ப்களுக்குப் படம் வரைந்து கொடுத்ததற்கான கூலி.

அதற்குக் கீழே பதினெட்டு சதவீதம்.

அதைத்தான் அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

மற்ற கம்பெனிகளுக்குக் கூசாமல் போட்டு அனுப்புகிறாள். தனியாகத் தொழில் செய்கிறவர்களின் வரவு வருடத்துக்கு இருபது லட்சத்தைத் தாண்டினால் எண் வாங்க வேண்டும், வரி வசூலித்துக் கட்ட வேண்டும். அவளுக்குப் போன வருடம் தாண்டியது. பெங்களூர்க் கம்பெனிக்காரனிடம் கேட்பதற்கு என்ன வெட்கம்.

அண்ணனிடம் எப்படிக் கேட்பது?

ஏழு மாத வயிற்றோடு இருந்தவளை, வேலை பார்த்த கம்பெனி வீட்டுக்கு அனுப்பியபோது முதல் வேலை தந்தவர் அவர். "வீட்டுலயே உக்காந்து வரைஞ்சு குடு கண்ணு, போதும்" என்றார். அதற்குமேல் ஒன்றும் விசாரிக்கவில்லை. அந்தக் காசில்தான் பிரசவம் நடந்தது.

உப்பிட்டவரிடம் போய், மேலே இன்னும் பதினெட்டு கொடு என்பதா.

அதனால் அவருக்கு மட்டும் பழைய மாதிரி பில்லையே அனுப்பிக்கொண்டிருந்தாள். எண் கிடையாது, வரி கிடையாது. வரியைத் தன் கையிலிருந்து கட்டிவிடுவாள். அரசாங்கத்துக்கு மாதாமாதம் மொய்.

இன்று காலை ஆடிட்டர் அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தார்.

"அந்த வரி உங்க காசும் இல்லைங்க, அவர் காசும் இல்லை. அவர் பம்ப் வித்து வாங்கற வரியில, உங்களுக்குக் குடுத்த வரியைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைத்தான் கட்டுவார். நீங்க பில்லுல போட்டாத்தானே அவரு கழிக்க முடியும்?"

மண்டையில் ஏற வெகு நேரம் பிடித்தது. கேட்டால் அவருக்கு எதுவும் குறையப் போவதில்லை. கேட்காததால் அவருக்கு எதுவும் மிச்சமானதுமில்லை. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று இத்தனை நாள் காசை ஆற்றில் போட்டிருக்கிறாள்.

புத்திக்குப் புரிந்துவிட்டது. விரலுக்குத்தான் புரியவில்லை.

வளர்ந்துவிட்டாள், இனிமேல் நம்மிடமும் கணக்குப் பேசுவாள் என்று அவர் நினைத்துவிட்டால்?

வேலை போனால் வேறு வேலை வரும். கல்யாணமாகி வந்த இந்த ஊரில் 'கண்ணு' என்று கூப்பிட அவளுக்கு வேறு யாரும் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

குழந்தைக்கு இட்லி பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. அவர்தான்.

"பில்லு வந்துச்சு கண்ணு."

"ஆமாங்கண்ணா. ஆடிட்டர் போடச் சொன்னாங்க. உங்களுக்கு அது கழிஞ்சிடும்னு..."

"அது கெடக்குது. நெம்பர் எப்ப வாங்குன?"

"போன வருசமே வாங்கிட்டேங்கண்ணா."

அந்தப் பக்கம் லேத் ஓடும் இரைச்சல். யாரோ கதவைச் சாத்த, அதுவும் அடங்கியது. இனி என்ன வருமோ என்று அவள் தட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"அப்ப இருவது லச்சம் தாண்டிட்ட."

"ஆமாங்க."

"அட சாமி" என்றார். குரல் இளகியிருந்தது. "பில்லுல நெம்பரே இல்லையே, இந்தப் புள்ள இன்னும் செரமத்துலதான் கெடக்குதாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டே இருந்தேன்."

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சிரிப்பும் வந்தது.

"அப்பச் செரி. அந்தப் பழைய பம்ப் படமெல்லாம் இனி வரைய வேண்டாம் கண்ணு. விட்டுரு."

கொஞ்ச காலமாக அவர் அனுப்புவதெல்லாம் அவைதான். மஞ்சளேறிய காகிதத்தில் கையால் வரைந்த படங்கள். ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து தரச் சொல்வார். எல்லாமே அவசரம் என்பார். அவளும் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்து அதை முடிப்பாள்.

"ஏங்கண்ணா, அவசரம்னு சொன்னீங்களே? அந்த பம்ப் எல்லாம் செய்யலையா?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த பம்ப் வார்க்கற அச்சையெல்லாம் எப்பவோ எடைக்குப் போட்டாச்சு. நீ புள்ளைக்குச் சாப்பாடு குடு. வெக்கறேன்."

வைத்துவிட்டார்.

அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

கம்ப்யூட்டர் திரையில் பாதிப் படம் இருந்தது. யாரும் வார்க்கப் போகாத ஒரு பம்ப். அவளுக்குக் கூலி கொடுப்பதற்கென்றே அவர் தேடி எடுத்த வேலை.

அழுகை வந்தது. குழந்தை பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல் அழுதாள். இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா என்று இருந்தது.

குழந்தை தூங்கிய பிறகு உட்கார்ந்து மீதியை வரைந்தாள். அளவு பிசகாமல், கடைசி போல்ட் துளை வரைக்கும். முடித்து அவருக்கு அனுப்பினாள்.

பில் அனுப்பவில்லை.

எங்கே என்று அவரும் கேட்கவில்லை.