வெள்ளைத்தோல் பிடித்த ஈயம்

குவாரியில் என்னோடு கல் உடைத்த ஸ்டாமென்தான், நாற்பத்தாறு வயதில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். எனக்கு இருக்கும் ஒரே நண்பன் அவன். ஞாயிற்றுக்கிழமைகளில், அறுவடை முடிந்த சூரியகாந்திக் காட்டில், உலோகம் தேடும் கருவிகளோடு இருவரும் நடப்போம். கிடைப்பது உலைக் கசடா, வெண்கலமா என்று அவன்தான் தொட்டுப் பார்த்துச் சொல்வான்.

அன்று என் கருவி கூவியது.

"என்னடா தோப்ரி, மறுபடியும் பீர் மூடியா? எல்லாத்தையும் சேத்து ஒரு கடையே வச்சிடலாம்டா!" என்று தூரத்திலிருந்து கத்தினான்.

முழங்கை ஆழத்தில் மடித்த தகடு ஒன்று கிடந்தது. ஈயம். மேலே வெள்ளைத்தோல் பிடித்திருந்தது. அப்படிப் பிடிக்க ஆயிரம் வருடமாவது ஆகும் என்று சொன்னவனும் ஸ்டாமென்தான். நடுவில் ஓர் ஆணி துருவேறி இறுகியிருந்தது. அந்தக் காலத்தில் ஆகாதவன் நாசமாகட்டும் என்று, அவன் பெயரையும் அவன் தாயின் பெயரையும் ஈயத்தில் கீறி, இப்படித்தான் ஆணியடித்துப் புதைப்பார்களாம்.

கத்தியால் மெல்லப் பிரித்தேன். உள்ளே என் பெயர் இருந்தது. அதன் கீழே என் அம்மாவின் பெயர், நேடா. அதை நான் ஒருவனிடம்தான் சொல்லியிருக்கிறேன். கையெழுத்தும் தெரிந்த கையெழுத்துதான். அதைப் பார்த்துத்தான் நான் எழுதவே பழகினேன்.

காலையில் அவன் ரொட்டியில்தான் பாதி தின்றிருந்தேன்.

ஸ்டாமென் வந்து குனிந்து பார்த்தான்.

"எவ்வளவு ஆழத்துல கெடந்துச்சு?"

"முழங்கை ஆழம்."

"இன்னும் ஆழமாத்தானேடா பொதைச்சேன்" என்றான். பிறகு தன் கருவியை எடுத்துக்கொண்டு அடுத்த சாலுக்கு நகர்ந்தான்.