கிளம்பாத வண்டி

இப்போதெல்லாம் சைரன் ஊதினால் எவனும் ஓடி வருவதில்லை. எங்கள் ஆல்ப்ஸ் மலையூரில் தீயணைப்புப் படை என்றால் ஊர்க்காரர்கள்தான். சம்பளம் கிடையாது. சைரன் கேட்டதும் போட்டது போட்டபடி ஓடி வர வேண்டும்.

நேற்று மத்தியானம் என் கொட்டகை தீப்பிடித்தது. சைரன் அலறியது. கையில் வாளியோடு அரைமணி நேரம் ஊற்றி ஊற்றிப் பார்த்தேன். வண்டி வரவில்லை. மாடுகளின் குளிர்காலத் தீவனம் முழுக்கச் சாம்பல்.

நேராகத் தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். படைத்தலைவியான ரொட்டிக்கடை புர்கியும் எட்டுப் பேரும் தலைக்கவசம் மாட்டி வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏம்மா, ஊர்வலமா போகப் போறீங்க?"

"நாலே நிமிஷத்துல வந்துட்டோம், இக்னாஸ் மாமா."

"அப்புறம் ஏன் கிளம்பல?"

"டிரைவர் வரல. போன் போட்டோம், எடுக்கல."

"கையில வாளி இருந்தா எப்படி எடுக்கறது?"

"லாரி லைசென்ஸ் ஊர்லயே உங்ககிட்ட மட்டுந்தானே மாமா இருக்கு? நீங்க வந்திருந்தா..."

"என் கொட்டகை எரியும்போது நான் எப்படி வருவேன்?"

புர்கி தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க நடந்தாவது வந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தேன்.