விட்டுப்போன பெயர்

"சித்தப்பா நம்மள நல்லா ஏமாத்திட்டாருண்ணா!"

கோபி போட்ட சத்தத்தில், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அண்ணன் துரை அவன் தோளை அழுத்தினான். "கத்தாதடா. இன்னா போட்டுக்கீதுன்னு படி."

தொட்டால் உதிரும் பழைய நிலப் பதிவேடு. குத்தம்பாக்கம் கிராமம், அறுபது சென்ட் புஞ்சை, உரிமையாளர் வ. அப்பாவு, தகப்பனார் வரதன். அவர்களுடைய தாத்தாவேதான். "எங்கப்பனுக்கு ஏதுடா நிலம்?" என்று சித்தப்பா ஹேமநாதன் இத்தனை வருஷமாகச் சாதித்துவந்தாரே, அந்த அப்பன்.

துரைக்குக் கண் கலங்கிவிட்டது. பெயரின்மேல் விரலை வைத்தபடி நின்றான். "கொள்ளுத்தாத்தா வரதன் பேர நைனாவுக்கு வெச்சாங்க. தாத்தா பேர எனக்கு வெச்சாங்க. மாமனார் பேர வாயால சொல்லக் கூடாதுன்னு அம்மாதான் தொர, தொரன்னு கூப்ட்டு, ஊருக்கே அதான் பேரா பூட்ச்சி."

கோபி 'அறுபது சென்ட்' என்ற இடத்தையே திரும்பத் திரும்பப் படித்தான். கள்ளிக்குப்பத்தில் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருப்பவன் அவன். ஒரு குடம் தண்ணீர் கூடுதலாகப் பிடித்தால் வீட்டுக்காரம்மா மோட்டாரை நிறுத்திவிடுவாள். 'நமக்குன்னு ஒரு கொழா இருந்தா போதும்யா' என்று மனைவி கலைவாணி சொல்லாத நாள் கிடையாது.

நிலத்தில் ஒரே ஒரு சிக்கல். கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது, அந்த சர்வே எண்ணுக்கு நேரே பெயர் விட்டுப்போயிருந்தது. இந்தப் பதிவேட்டின் நகலைக் கொடுத்தால் பெயரைச் சேர்த்துவிடுவார்கள்.

"வாரிசு சர்டிபிகேட் வாங்கணுமாண்ணா?"

"வாங்குனா சித்தப்பனும் அதுல வருவாரு. பாதிய தூக்கிக் குடுத்துடறியா?"

கோபி யோசித்தான், ரொம்ப நேரமில்லை. "பொய் சொன்ன மனுசனுக்கு இன்னாத்துக்குண்ணா குடுக்கணும்?"

"அப்ப வாயத் தொறக்காத. நீ வேலைக்குப் போ, ஆபீசுக்கு நான் அலையறேன்."

அலைந்தான். அந்தக் கோடை முழுக்க வேகாத வெயிலில் அலைந்தான். "கூடப் பொறந்தா இப்டிப் பொறக்கணும்" என்றாள் கலைவாணி. அவள் ஒருவரை மெச்சுவது ஆடிக்கொரு தரம், அமாவாசைக்கொரு தரம்.

நடுவில் ஒரு கல்யாணத்தில் சித்தப்பா கோபியைப் பிடித்துக்கொண்டார். திருமுல்லைவாயிலில் மகள் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிற மனுஷர். "பழைய கணக்கெல்லாம் போய்ப் பாத்தீங்களாமே. எங்கப்பா பேர்ல ஏதாச்சும் இருந்திச்சாடா?"

"ஒண்ணும் இல்ல சித்தப்பா."

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்று அவர் பந்திக்குப் போய்விட்டார். கோபிக்கு உள்ளுக்குள் இனித்தது. ஏமாற்றியவனை ஏமாற்றினால் பாவமில்லை என்று எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தானோ!

ஒரு நாள் மதியம் அம்பத்தூரில் கம்பெனி வாசலில் டீ குடித்துக்கொண்டே, வழக்கம்போல போனில் சர்வே எண்ணைத் தட்டிப் பார்த்தான். எப்போதும் வெறுமையாக இருக்கும் இடத்தில் பெயர் வந்திருந்தது. வ. அப்பாவு, தந்தை வரதன். டீயை அப்படியே வைத்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டான்.

"அண்ணா! தாத்தா பேர்ல பட்டா வந்துட்ச்சிண்ணா! ஞாயித்துக்கெழம அளந்து கல்லு நட்டுக்கலாம். கெழக்கால பாதி எனக்கு, மேக்கால உனக்கு. கலைவாணி கொழா எங்க வைக்கறதுன்னே முடிவு பண்ணிட்டா!"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"கேக்குதாண்ணா? தாத்தா பேருண்ணா!"

"கேக்குது" என்றான் துரை. குரலில் பதற்றமே இல்லை. "ஆதார் கார்டு வெச்சாதான்டா பேரே ஏத்துவாங்க. தாத்தாவுக்கு ஏதுடா ஆதாரு?"