சம்பந்தம் கண்ணை மூடவில்லை

"கையைக் கோத்துக்கோங்க, பிரதர். கண்ணை மூடுங்க. அப்புறம்தான் ஜெபம்."

ஷர்மிளா டீச்சருக்கு இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஞாயிறு பள்ளி வாண்டுகளே ஒரு தரம் சொன்னால் மூடிவிடுகின்றன. அந்த வாண்டுகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயை முட்ட உட்கார்ந்திருந்த சம்பந்தத்துக்கோ வயது நாற்பதுக்கு மேல். மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்ததும் கிரீஸ் வாசனையோடு நேரே அம்பத்தூர் சர்ச்சுக்கு வந்துவிடுவார்.

அவர் கிறிஸ்தவரில்லை. மனைவி சலோமிதான், அவள் போவதும் வேறொரு சபைக்கு. கல்யாணமான நாளிலிருந்து மாமியாரும் கூடவே இருந்தார். பொழுது சாய்ந்தால் அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஜெபம் செய்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். அந்த நேரம் பார்த்து சம்பந்தம் டீக்கடைப் பக்கம் நழுவிவிடுவார். போன மாதம் மாமியார் காலமானார். அன்றிலிருந்து சலோமி தட்டை வைத்துக்கொண்டு எதிரே காலியாக இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சோறு அப்படியே காய்கிறது. ஆள் பாதியாகிவிட்டாள்.

"அந்த எடத்துல நான் குந்தணும் டீச்சர். அவ கூட ஜெபம் பண்ணணும். கத்துக் குடு," என்று வந்து நின்றவரை யாருக்குத்தான் திருப்பி அனுப்ப மனம் வரும்?

ஆனால் கற்றுக்கொடுப்பது பெரும் பாடாக இருந்தது. மனப்பாடம் செய்யச் சொன்னால் மனிதர் வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் கேட்டார். ஸ்தோத்திரம் என்றால் நன்றியா, புகழ்ச்சியா, இரண்டில் ஒன்றை முடிவாகச் சொல்லியாக வேண்டும் அவருக்கு.

"கிருபைன்னா எப்டி இருக்கும் டீச்சர்? குடுக்கற மாறியா, கட்டிப் புடிக்கற மாறியா?"

நினைவு தெரிந்த நாள் முதல் கிருபை கிருபை என்று சொல்லி வந்த ஷர்மிளாவுக்கே அது தெரியவில்லை. உள்ளே உணர வேண்டியது என்று சமாளித்தாள். அவர் முகத்தில் திருப்தி இல்லை.

அதைவிட அவளை உறுத்தியவை அவருடைய விரல்கள். ஜெபத்தைச் சொல்லச் சொல்ல அவை பாட்டுக்கு மடங்கின, விரிந்தன, நெஞ்சைத் தொட்டு மேலே போயின. பழைய பூஜைப் பழக்கத்தில் முத்திரை பிடிக்கிறார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். மனசு இன்னும் அந்தப் பக்கமே நிற்கிறதே, இந்த ஜெபம் எப்படிக் கேட்கப்படும் என்று அவளுக்கு உண்மையாகவே கவலை.

"முத்திரையெல்லாம் நம்ம ஜெபத்துல கிடையாது, பிரதர்."

"கை கோக்காட்டி சாமிக்குக் கேக்காதா டீச்சர்?"

"கேக்காது," என்றாள், கொஞ்சம் சலிப்போடு.

சம்பந்தம் தன் கைகளைப் பார்த்தார். தயங்கித் தயங்கிக் கோத்துக்கொண்டார். கண்ணை மட்டும் அன்றும் மூடவில்லை.

நானே வீட்டுக்கு வந்து ஜெபிக்கிறேன் என்று ஷர்மிளா சொல்லிப் பார்த்தாள். அவர் பிடி கொடுக்கவில்லை. ஏற்கெனவே பல பேர் வந்து, சலோமி தலையில் கை வைத்துக் கத்திவிட்டுப் போயிருக்கிறார்கள், அவளுக்கு அது ஆகாது என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது முகம் செத்துக் கிடந்தது. முந்தின நாள் டீச்சர் சொன்னபடியே கையைக் கோத்து, கண்ணை மூடி, ஒரு வார்த்தை பிசகாமல் ஜெபித்தாராம். கண்ணைத் திறந்தால் சலோமி இல்லை. தட்டை நகர்த்திவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாளாம்.

அதற்கு மேல் ஷர்மிளாவுக்குப் பொறுக்கவில்லை. அவர் வேண்டாம் என்றதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், ஸ்கூட்டியில் அவர் சைக்கிளுக்குப் பின்னாலேயே போனாள்.

ஒற்றை அறை வீடு. சலோமி லேசாகச் சிரித்துப் பாய் விரித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் தொண்டையை அடைத்திருக்கிறது, பாவம் என்று ஷர்மிளாவின் மனசு இளகியது. சலோமி தட்டின் முன்னால் உட்கார்ந்ததும், அந்தக் காலி இடத்தில் ஷர்மிளாவே போய் உட்கார்ந்துகொண்டாள். கையைக் கோத்தாள். கண்ணை இறுக்க மூடினாள். தாயைப் பறிகொடுத்த இந்த மகளைத் தேற்றும் ஆண்டவரே என்று தனக்குத் தெரிந்த நல்ல வார்த்தைகளையெல்லாம் கொட்டி மன்றாடினாள். நடுவில் அவளுக்கே அழுகை வந்து குரல் உடைந்தது.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தாள். சலோமி கண்ணை மூடியிருக்கவே இல்லை. ஷர்மிளாவின் கோத்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு தொடாமல் இருந்தது.

"என் ஜெபம் அவங்களுக்குப் பிடிக்கலையா, பிரதர்?" ஷர்மிளாவுக்கு நிஜமாகவே வலித்தது.

சம்பந்தம் அவளை நகரச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தார். மனைவியின் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னார்.

"பொறந்ததுல இருந்தே அவளுக்குக் காது கேக்காது டீச்சர். பேச்சும் கையிலதான். நான் கையைக் கோத்துகினா அவளுக்குக் கேக்காது. கண்ணை மூடிகினா அவ பேசறது எனக்குக் கேக்காது."

பிறகு அவர் விரல்களைப் பிரித்து ஆண்டவரிடம் பேச ஆரம்பித்தார். முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்த சலோமி, இரண்டு கையாலும் ஆமென் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள்.