பிர்ச் மரப்பட்டை

கவிதை எழுதியதற்காக எஸ்தோனியாவிலிருந்து பனிக்காட்டுக்கு நாடு கடத்தப்பட்ட ஹில்யேவுக்கு அங்கே காகிதம் கிடைக்கவில்லை. பிர்ச் மரப்பட்டையில் ஆணியால் கீறி எழுதினாள். கூடவே கடத்தப்பட்ட தங்கை மாய்முவிடம்கூடச் சொல்லவில்லை. பட்டைகள் எழுதிய பக்கம் உள்ளே போகச் சுருண்டு கட்டிலுக்கடியில் கிடந்தன. அவள் காய்ச்சலில் நினைவிழந்த அன்று, வேலையிலிருந்து வந்த மாய்மு, அவர்கள் ஊரில் எல்லோரும் செய்வதுபோல, ஈர விறகுக்கடியில் பட்டைகளைத் திணித்துப் பற்றவைத்தாள். அறை சூடானது. ஹில்யே கண் திறந்தாள்.

"கட்டிலுக்கடியில இருந்த பட்டை எங்கடி?"

"அடுப்புக்குத்தானே உரிச்சு வச்சிருந்தே?"

அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து, மாய்மு அடுப்புக்குள் கைவிட்டு ஒரு சுருளை இழுத்து விரித்தாள். கருகியது போக இரண்டு சொற்கள் இருந்தன.

"ஐயோ, அக்கா! ஒண்ணாவது ஞாபகமிருக்கா? சொல்லு, நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

ஹில்யே அடுப்புப் பக்கம் காலை நீட்டினாள். "எவ்வளவு நாளாச்சுடி, கால் இப்படிச் சூடாகி," என்றாள்.

மறுநாள் காலை மாய்மு வெந்த கையாலேயே புதுப் பட்டை உரித்து வந்து, ஆணியோடு அக்காவின் தலைமாட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். மாலையில் திரும்பியபோது அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. தலைமாட்டில் ஆணி மட்டும் இருந்தது.