இழுக்காத வின்ச்

ஏடிவி வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்திய கெல்வின், அதன் முன்னால் இருந்த, கம்பிவடம் சுற்றிப் பாரம் இழுக்கும் வின்ச்சைக் காலால் உதைத்தான்.

"எத்தனை தடவைதான் ரிப்பேர் பண்ணுவ? இங்க நல்லா இழுக்குது. அங்க லோட் ஏறுனா ஸ்லிப் ஆவுது லா. பந்திங் டவுன்ல வேற மெக்கானிக் இல்லன்னு ஆட்டம் காட்றியா?"

மெக்கானிக் முகுந்தன் நிமிரவில்லை. "எதை இழுக்குறீங்க, பாஸ்?"

"எஸ்டேட் வீட்டுத் தூணை. மத்தவங்கெல்லாம் காலி பண்ணிட்டாங்க. ஒரு பொம்பள மட்டும் உள்ள உட்கார்ந்துகிட்டு எந்திரிக்க மாட்டேங்குறா. தூண் சாஞ்சா தானா ஓடி வருவா. நாளைக்கும் ஸ்லிப் ஆச்சுன்னா, உன் பட்டறையை இழுத்து மூடிருவேன்."

"புது கிளட்ச் போட்டுடறேன், பாஸ். காலையில வாங்க."

கெல்வின் போனதும், முகுந்தன் தேய்ந்த கிளட்ச்சிலேயே இன்னும் கொஞ்சம் கிரீஸ் தடவி, உள்ளே வைத்து இறுக்கினான். பிறகு மனைவிக்குப் போன் செய்தான்.

"மலர், நாளைக்கும் நீ எந்திரிக்காத. ஸ்லிப் ஆவும்."