முதலில் யார் விடுவது

ஹோட்டல் கண்ணாடியில் மழை வழிகிறது. நீள மேசைக்கு இந்தப் பக்கம் சிங்கப்பூர், அந்தப் பக்கம் அண்டை நாடு. இரு தரப்பும் பிடித்து வைத்திருக்கும் மீனவர்களை முதலில் யார் விடுவது என்பதில் காலையிலிருந்து ஒருவரும் இறங்கி வரவில்லை. சிங்கப்பூர்ப் பக்கத்தில் உர்சுலா தன் மேலதிகாரி அலெக்சாண்டரின் காதருகே சாய்ந்து, எதிரே யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில், வழக்கம்போலத் தமிழில் முணுமுணுக்கிறாள்: "இன்னைக்கே விட்டுடலாம்னு உத்தரவு வந்துடுச்சு சார். ஆனா அவங்களே முதல்ல கேக்கட்டும்." எதிர்வரிசைக் கோடியில், இதுவரை வாயே திறக்காத பூப்போட்ட பாத்திக் சட்டைக்காரரின் கரண்டி காப்பிக்குள் சட்டென்று நிற்கிறது. அவர் நிமிர்ந்து அவளையே பார்க்கிறார். சீனிக் கிண்ணத்தை அவள் பக்கம் மெல்லத் தள்ளியபடி, தன் தலைவர் பக்கம் திரும்பாமலே, அவர் தமிழில் சொல்கிறார்: "எங்களுக்கும் அதே உத்தரவுதான், தங்கச்சி."